தெளிந்த நீரில் ஒரு துப்பு

இரத்தத்தில் அணுக்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் நீர்மத்தில், 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்கும். அதே உடம்பில் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரிலோ 15 முதல் 45 மில்லிகிராம்தான். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். மூளைப் பக்கத்து இரத்தக்குழாய்ச் சுவர்கள் பெரிய மூலக்கூறுகளை எளிதில் கசிய விடாததால் வந்த தெளிவு அது. அந்தக் கட்டுக்காவல் தளர்ந்தால் நீரில் புரதம் ஏறும்.

ஊசி குத்தி இந்த நீரை எடுக்கும் முறையை 1891இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் குவின்க்கே வகுத்தார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் நம்மிடையே இன்னும் போகவில்லை. தண்டுவடமோ இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் இறங்குகிறது.

1916, முதல் உலகப் போர்க்காலம். கை கால் தளர்ந்து கிடந்த இரண்டு பிரெஞ்சுச் சிப்பாய்களின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மருத்துவர்கள். புரதம் எகிறியிருந்தது. கிருமித் தொற்று என்றால் வெள்ளணுக்களும் பெருகியிருக்க வேண்டும், அவை பெருகவில்லை. அந்தப் பொருத்தமின்மைதான் துப்பு. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பு வேர்களைத் தாக்க, வீங்கிய இடத்தில் புரதம் கசிகிறது என்று பின்னாளில் விளங்கியது. நோய்க்குக் கில்லன் பாரே என்று பெயர் நிலைத்தது. ஸ்ட்ரோல் பாவம், விடுபட்டுப் போனார்.

புரதம் கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. காசநோய் மூளைக்காய்ச்சலிலும் அது கூடும். ஆனால் அங்கே அணுக்களும் பெருகும், சர்க்கரை குறையும். கில்லன் பாரேயிலேயே முதல் வாரத்தில் அளவு இயல்பாக இருந்து ஏமாற்றலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் மொத்த அளவு பெரும்பாலும் மாறுவதே இல்லை. அதனால் அங்கே இரத்தத்தையும் தண்டுவட நீரையும் அருகருகே மின்புலத்தில் ஓடவிட்டு, நீரில் மட்டும் தென்படும் எதிர்ப்பாற்றல் புரதங்களின் பட்டைகளைத் தேடுகிறார்கள். இருந்தால், அவை மூளைப் பக்கத்திலேயே உருவானவை.

அல்சைமர் என்ற மறதி நோயில் கதை தலைகீழ். அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதம் மூளைத் திசுவில் படிந்து சிக்கிக்கொள்வதால் நீரில் அது குறைந்துபோகிறது. டௌ புரதமோ ஏறுகிறது. இந்த இரண்டு புரதங்களின் விகிதத்தை இரத்தத்திலேயே அளந்து அல்சைமரைக் கண்டறிய உதவும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா முதன்முறையாக அனுமதி அளித்தது. அதற்கு முதுகில் ஊசி வேண்டாம்.