அம்மிக்கல் எளிது, குத்துவிளக்கு கடினம்

ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அத்தனை படங்களையும் கணினியில் கொட்டினால் முப்பரிமாண உருவம் வந்துவிடும் என்கிறார்கள். பெரும்பாலும் வந்தும் விடுகிறது. வராத நாளில்தான் வம்பு. கொடுத்தது 120 படம், சேர்ந்தது 43 என்று திரையில் ஒரு வரி வரும். மீதி 77 படத்துக்கு என்ன குறை என்று மென்பொருள் வாய் திறக்காது.

ஃபோட்டோகிராமெட்ரி என்னும் இந்தக் கலையைப் பழகுகிற பலரும் அப்போது என்ன செய்கிறார்கள்? அமைப்புகளில் எதையாவது மாற்றிவிட்டு அதே பொத்தானை மறுபடி அமுக்குகிறார்கள். இராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் 43 என்பது 45 ஆகியிருக்கும். அதைவிட, கெட்டுப்போன அந்த உருவத்தையே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது மேல் என்பது என் கட்சி. கேமரா நின்ற இடங்கள் என்று திரை காட்டுபவை எந்த வடிவில் தப்பாக உட்கார்ந்திருக்கின்றன என்பதில் நாடி பிடித்துப் பார்த்தாற்போல் நோய் தெரிந்துவிடும்.

அதற்கு, படங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் அலைன்மென்ட் என்னும் முதல் கட்டத்தில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அடையாளம் காணத்தக்க சின்னச் சின்ன இடங்களைக் கணினி ஆயிரக்கணக்கில் பொறுக்குகிறது. ஒரு மூலை, ஒரு கறை, ஒரு கீறல், இப்படி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோவ் 1999இல் வெளியிட்ட சிஃப்ட் என்னும் முறை இதில் பெரிய திருப்பம். படம் பெரிதானாலும் சிறிதானாலும், திரும்பியிருந்தாலும், அதே இடத்தை அது கண்டுபிடித்துவிடும். பிறகு கணினி ஒரு படத்தின் புள்ளிகளை இன்னொன்றின் புள்ளிகளோடு ஜோடி சேர்க்கிறது. பொய் ஜோடிகளைக் கழித்துக்கட்ட 1981இல் ஃபிஷ்லரும் போல்ஸும் சொன்ன ரான்சாக் என்னும் வழி இன்றும் கைகொடுக்கிறது. கடைசியில் கேமராக்கள் நின்ற இடம், லென்ஸின் வளைவு, புள்ளிகளின் இருப்பிடம் எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் போட்டு, பிழை ஒரு பிக்சலுக்கும் கீழே வரும்வரை இழுத்து இழுத்துச் சரிசெய்கிறது.

இதில் எங்குமே "இது விளக்கு", "இது சிலை" என்ற அறிவு கிடையாது. கணினிக்கு இரண்டே நம்பிக்கைகள்தான்: படமெடுத்து முடியும்வரை உலகம் அசையவில்லை, இரண்டு படத்தில் ஒரே மாதிரித் தெரிவது ஒரே இடம்தான். தகராறுகளில் முக்கால்வாசி, இவற்றில் ஏதோ ஒன்றை நாம் உடைத்ததால் வருபவை.

வீட்டில் கிடக்கும் பழைய அம்மிக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல்லில் கருப்பும் வெள்ளையும் சாம்பலுமாக மணிகள் இறைந்து கிடக்கும். ஓரிடம் போல் இன்னோர் இடம் இருக்காது. பளபளப்பும் இல்லை. கைபேசியில் அவசரமாக எடுத்த படங்கள்கூடச் சட்டென்று சேர்ந்துவிடும்.

குத்துவிளக்கில் எல்லாமே நேர்மாறு. துலக்கிய பித்தளையில் தெரியும் வெளிச்சப் பொட்டு பித்தளையோடு ஒட்டியதல்ல. நீங்கள் ஓரடி நகர்ந்தால் அதுவும் நகரும். கணினியோ அதை அசையாத புள்ளி என்று நம்பிக் கணக்குப் போடும். போதாக்குறைக்கு, கடைசல் பிடித்த தண்டு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றே. சுற்றிவந்து எடுத்த 24 படமும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை என்றே கணினி முடிவு கட்டும். திரையில் கேமராக்கள் வட்டமாக நிற்காமல் ஒரே மூலையில் குவிந்து கிடந்தால் காரணம் இதுதான்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. விளக்கின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிடுவது. எழுத்தும் படமுமாக இருக்கும் அந்தத் தாளில் ஓரிடம் போல் இன்னோர் இடம் கிடையாது. விளக்கு எதுவும் தராவிட்டாலும் தாளைப் பிடித்துக்கொண்டு கேமராக்கள் தத்தம் இடத்தில் போய் நின்றுவிடும். ஆனால் கேமராக்கள் சரியாக நின்றுவிட்டன என்பதால் பித்தளையின் மேற்பரப்பும் சரியாக வந்துவிடாது. மெழுகு உருகியதுபோல் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். பளபளப்பை அடக்க, வெளிச்சம் பாய்ச்சும் மின்விளக்கிலும் கேமரா லென்ஸிலும் குறுக்காக போலரைசர் மாட்டுவார்கள். வார்னிஷ் பூசிய மரத்துக்கும் மெருகேற்றிய பீங்கானுக்கும் அது அருமையாக வேலை செய்யும். உலோகத்தில் பளபளப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கருப்பு. எனவே மாவு போல் படிந்து, சில மணி நேரத்தில் தானே ஆவியாகிவிடும் ஸ்பிரே அடிக்கிறார்கள். அருங்காட்சியகப் பொருள் மீது அனுமதியில்லாமல் அடித்தால் வம்பில் மாட்டுவீர்கள். நம் வீட்டு விளக்கென்றால் அதைவிடச் சுலபம்: எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக இருக்கும்போதே, புளி போட்டுத் துலக்குவதற்கு முன்பே, படமெடுத்துவிடுங்கள்.

சுழல்மேடையில் வைத்து எடுக்கிறவர்களுக்குத் தனிச் சங்கடம். கேமரா முக்காலியில் நிற்கிறது, விளக்கு சுற்றுகிறது, பின்னால் சுவரில் காலண்டர் தொங்குகிறது. இப்போது கணினிக்கு இரண்டு உலகங்கள்: சுற்றுவது ஒன்று, சும்மா நிற்பது ஒன்று. எதில் புள்ளிகள் அதிகமோ அந்தப் பக்கம் சாயும். காலண்டர் ஜெயித்தால், எல்லாக் கேமராக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் நிற்கும். பின்னால் மடிப்பில்லாத வெற்றுத் துணியைக் கட்டுங்கள், அல்லது பின்னணியை மாஸ்க் போட்டு மறையுங்கள். செய்தித்தாள் மேடையோடு சேர்ந்து சுற்ற வேண்டும். பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தை எடுக்கும்போது அதே தாள் பகையாகிவிடும். அப்போது அதையும் மறைத்தாக வேண்டும்.

உருவம் இரண்டு துண்டாகப் பிரிந்து வந்தால், நடுவில் படிக்கட்டு இல்லை என்று பொருள். கண்மட்டத்தில் ஒரு சுற்று, தலைக்குமேலிருந்து ஒரு சுற்று எடுத்துவிட்டு இடைப்பட்டதை விட்டுவிடுவார்கள். பார்வைக் கோணம் 30 டிகிரியைத் தாண்டத் தாண்ட ஜோடி சேர்வது வேகமாகக் குறையும். 10 முதல் 15 டிகிரிக்கு ஒரு படம், அடுத்தடுத்த படங்களில் 60 முதல் 80 சதவீதம் பொதுவான பகுதி என்ற கணக்கு இதனால்தான் வந்தது. ஒரே இடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பித் திருப்பி எடுத்தாலும் பயனில்லை. கால் நகர்ந்தால்தான் ஆழம் கிடைக்கும்.

எந்த ஒழுங்குமில்லாமல் எல்லாம் சிதறிக் கிடந்தால் பொருளை விட்டுவிட்டுக் கேமராவைச் சந்தேகப்படுங்கள். பல லென்ஸ் உள்ள கைபேசி, கிட்டப் போனதும் நம்மைக் கேட்காமலே லென்ஸை மாற்றிக்கொள்ளும். ஜூமைத் தொட்டாலும், படத்தின் ஓரத்தை வெட்டினாலும் லென்ஸ் பற்றிய கணக்கு குலைந்துபோகும். வாட்ஸ்ஆப்பில் வழக்கமான முறையில் அனுப்பி வாங்கிய படங்களோ சுருங்கியும், குவியத்தூரம் முதலிய குறிப்புகளை இழந்தும் வந்து சேரும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது இவை எதற்கும் அல்ல. எல்லாப் படமும் சேர்ந்தது என்று மென்பொருள் பச்சைக்கொடி காட்டும் இரண்டு சந்தர்ப்பங்களுக்குத்தான். ஒன்று, நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கட்டடம். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்துகொள்ளும். நான்கு வாசல் இருந்த இடத்தில் இரண்டுதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் மரத்தையும் மதிலையும் சேர்த்து அகலமாக எடுத்த படங்கள் இதைத் தடுக்கும். இன்னொன்று டிரோன் படம். நேர்கீழே பார்த்தபடியே வரிசையாக எடுத்தால், லென்ஸ் வளைவில் உள்ள சிறு பிழை திரண்டு, தட்டையான வயல் குடை போலவோ கிண்ணம் போலவோ வளைந்துவிடும். ஜேம்ஸும் ராப்சனும் 2014இல் இதை விளக்கிக் காட்டினார்கள். சாய்வாகச் சில படங்களைச் சேர்த்தால் வளைவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது அவர்கள் கண்ட விடை.

இத்தனைக்குப் பிறகும் சேராத படங்கள் உண்டு. ஆப்கானிஸ்தானின் பாமியானில் 50 மீட்டருக்கும் அதிக உயரமாக நின்ற புத்தர் சிலை 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டது. திரும்பப் போய்ப் படமெடுக்க வழியில்லை. சூரிச்சில் உள்ள இ.டி.எச். நிறுவனத்தின் ஆர்மின் க்ரூன் குழுவினர் கிடைத்த படங்களிலிருந்தே சிலையைக் கணினியில் மீட்டார்கள். இணையத்தில் கிடைத்தவை வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு அளவின. எந்தக் கேமராவில் எடுத்தவை என்ற விவரமும் இல்லை. ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா 1970இல் அளவீட்டுக் கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்கள்தான் கைகொடுத்தன. அவற்றிலும் அங்கியின் மெல்லிய மடிப்புகளைத் தானியங்கி முறை கோட்டைவிட்டது. மனிதர்கள் உட்கார்ந்து, படத்துக்குப் படம் அதே புள்ளியைக் கண்ணால் தேடிக் கையால் குறித்துத்தான் மடிப்புகளை மீட்க முடிந்தது.

கையால் புள்ளி குறிக்கும் அந்த வசதி இன்றைய மென்பொருள்களிலும் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதைத் தொடுவதேயில்லை. உங்கள் விளக்கு இரண்டு துண்டாக நின்றால், இரண்டிலும் தெரிகிற மூன்று இடங்களை, ஒரே கோட்டில் அமையாதவையாகப் பார்த்துக் குறியுங்கள். நான்காவதாக ஒன்றையும் குறித்துவைத்தால், முதல் மூன்றில் ஒன்று தவறாக விழுந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.