எதிர் வீடே பள்ளிக்கூடம்

"இந்த வயசுக்கு மேல இனி எதுக்குப் புது பாஷை?" என்று கேட்காத பெண்கள் நம்மில் குறைவு. சமையல், துணி, பிள்ளைகளின் பாடம், பெரியவர்களின் மருந்து என்று பொழுது ஓடிவிடுகிறது. வகுப்புக்குப் போய் உட்கார நேரம் கிடையாது. பணம் கட்டவும் மனசு வராது. ஆனால் சகோதரிகளே, காசு செலவில்லாமல், வாசலைத் தாண்டி நாலடி நடந்தாலே ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. நமக்குத் தெரிந்த மொழியை அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது, அவளுக்குத் தெரிந்ததை நாம் கற்றுக்கொள்வது. இன்று ஒரு கரண்டி உறைமோர் வாங்கி, நாளை ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

மேல்நாட்டில் இதை ஒரு முறையாகவே வளர்த்திருக்கிறார்கள். பிரான்சும் ஜெர்மனியும் தலைமுறை தலைமுறையாக யுத்தம் செய்த நாடுகள். 1963ல் இரண்டும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, இளைஞர்களுக்கென்றே ஒரு பொது அலுவலகமும் தொடங்கின. அதன்பின் இரு நாட்டு இளைஞர்களையும் ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் மொழியை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் வளர்ந்தது. அதற்கு 'டாண்டம்' என்று பெயர். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. ஒருத்தர் மட்டும் மிதித்து, மற்றவர் சும்மா உட்கார்ந்திருந்தால் வண்டி மேடு ஏறுமா?

இரண்டு மொழி பேசும் ஊர்

எங்கள் பத்மநாபபுரத்தில் இதற்கு ஆள் தேடவே வேண்டாம். ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த ஊர் இது. 1956 நவம்பர் 1ந் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. ஆனாலும் இங்குள்ள அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறைதான். நவராத்திரி தோறும் இங்கிருந்து சரஸ்வதி அம்மனும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்த் திரும்புகிறார்கள். கல்விக்குரிய தெய்வமே வருஷா வருஷம் இரண்டு மொழிக்காரரிடமும் போய் வருகிறாள் பாருங்கள்!

பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவிடம் தோற்று, பிறகு அவரிடமே சேர்ந்து படைக்குப் பயிற்சி கொடுத்தவர் டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய். 1777ல் இறந்த அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அந்தக் கல்லில் லத்தீன் மொழியிலும் எழுதியிருக்கிறது, தமிழிலும் எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரரோடு பேசிப் பழகுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

எனக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தபோது, கடைத்தெருவில் பேசுகிற தமிழே பாதி புரியாது. மலையாளம் கேட்டால் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்து அர்த்தத்தை ஊகிப்பேன். அப்படியே பல வருஷம் போயிற்று.

அவளுக்கும் அவசியம், எனக்கும் அவசியம்

எங்கள் எதிர் வீட்டுக்குக் குடிவந்த தங்கை நெய்யாற்றின்கரைப் பெண். பள்ளிப் படிப்பு முழுவதும் மலையாளத்தில். தமிழ் ஓரளவு பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவள் பையனை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். 2006ல் வந்த சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். பையன் வீட்டுப்பாட நோட்டை நீட்டினால், தாயார் அதைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இதில் என்ன எழுதியிருக்கு?" என்று என் வாசலுக்கு ஓடி வருவாள். பெற்ற பிள்ளையின் நோட்டைப் படிக்க முடியவில்லையே என்று ஒருநாள் அவள் கண் கலங்கியதும் உண்டு.

அதே சமயத்தில் என் மாமியாருக்கு இருதயக் கோளாறு. இங்கிருந்து சுமார் 55 கிலோ மீட்டரில் திருவனந்தபுரம். எங்கள் பக்கத்தில் பெரிய நோய் என்றால் பலரும் அங்கேதான் ஓடுவோம். மாதம் ஒருமுறை நானும் மாமியாரும் பஸ் ஏறுவோம். போர்டு மலையாளத்தில், சீட்டு கொடுக்கும் இடத்தில் மலையாளம், நர்ஸம்மா சொல்வதும் மலையாளம்.

ஆகவே பேசி வைத்துக்கொண்டோம். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அரை மணி நேரம். கால் மணி அவளுக்குத் தமிழ் எழுத்து, கால் மணி எனக்கு மலையாளப் பேச்சும் எழுத்தும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

ஒரு வார்த்தையில் உயிர்

இரண்டும் அக்கா தங்கை மொழிகள், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஒரே மாதிரி ஒலித்து வேறு அர்த்தம் தருகிற வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கும். மலையாளத்தில் 'ராவிலே' என்றால் காலையில். நம் காதில் அது 'இராவிலே' என்று விழுகிறது அல்லவா? இரவுக்கு அவர்கள் 'ராத்ரி' என்பார்கள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு நீர் பிரிவதற்கான மாத்திரை கொடுத்து, "ராவிலே ஒன்னு" என்றார்கள். எதிர் வீட்டுத் தங்கை முதல் வாரத்திலேயே சொல்லித் தந்த வார்த்தை அது. பக்கத்துப் படுக்கையில் தன் அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பெண்ணுக்கும் அதே மாத்திரை. அவள் அட்டையின் மேல் 'இரவு' என்று எழுதப் போனாள். நான் தடுத்து, நர்ஸம்மாவிடமும் கேட்டு, 'காலை' என்று எழுத வைத்தேன். அந்த மாத்திரையை இரவில் போட்டால் ராத்திரி முழுவதும் எழுந்து எழுந்து போக வேண்டியதுதான். வயசானவர்கள் இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் என்ன ஆகும்?

எதிர் வீட்டிலும் ஒரு நல்லது நடந்தது. நாலாவது மாதம், பையனின் நோட்டில் டீச்சர் எழுதியிருந்த வரியை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள். பையன் கரும்பலகையைப் பார்க்கச் சிரமப்படுகிறான், கண்ணைப் பரிசோதிக்கவும் என்று இருந்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணாடி போட்டாயிற்று. மந்தம் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறான்.

நோட்டில் எழுதி வைக்க

எல்லைப்புறத்துச் சகோதரிகளுக்கு உதவும் சில வார்த்தைகள்:

பனி: காய்ச்சல். ("மார்கழியில் பனி கொட்டுது" என்று நான் சொன்னதும் தங்கை பதறிப் போனாள்!)

வெள்ளம்: தண்ணீர். இதை எங்கள் மாவட்டத்துத் தமிழ் வீடுகளிலும் சொல்வார்கள்.

வேதன: உடம்பு வலி. மனக்கஷ்டம் மட்டும் இல்லை.

சர்தி: வாந்தி. சும: இருமல். தலகறக்கம்: தலைசுற்றல். ஸ்வாசம்முட்டல்: மூச்சுத் திணறல்.

பக்ஷணத்தினு முன்பு: சாப்பாட்டுக்கு முன். பக்ஷணத்தினு சேஷம்: சாப்பாட்டுக்குப் பின்.

இலக்கணத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாம் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வால் வைக்கிறோம். மலையாளத்தில் ஞான் வன்னு, அவன் வன்னு, அவள் வன்னு, எல்லாம் ஒரே 'வன்னு'. அதனால் நாம் மலையாளம் பேசுவது சுலபம், தமிழ் பேச வரும் அவர்களுக்குத்தான் வால் சிக்கிக்கொள்ளும். எழுத்தில் நிலைமை தலைகீழ். நமக்கு ஒரே 'க' போதும். அவர்களுக்கு நாலு 'க' உண்டு. நமக்கு அதிகப்படி எழுத்தைப் பழகும் கஷ்டம், அவர்களுக்கு 'பக்கம்', 'பகல்' இரண்டிலும் ஒரே எழுத்தை வேறு வேறாக வாசிக்கும் கஷ்டம். இருவரும் சரிசமமாகத் திண்டாடுவதால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது!

எப்படித் தொடங்குவது?

1. நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து மொழியை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் பேச வருகிற மொழியிலேயே அரட்டை ஓடிவிடும்.

2. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். இன்று அடுக்களை, நாளை ஆஸ்பத்திரி, அடுத்த நாள் பஸ் ஸ்டாண்ட். கையில் பொருளை வைத்துக்கொண்டு பேசுங்கள். மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டே படித்த வார்த்தை மறப்பதில்லை.

3. பேச்சின் நடுவில் திருத்தாதீர்கள். பேசி முடித்தபின் இரண்டே இரண்டு பிழையைச் சொல்லுங்கள். வாய்க்கு வாய் திருத்தினால் வாயே திறக்க மாட்டாள்.

4. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. தினம் ஐந்து வார்த்தை. மறுநாள் முதல் வேலை அந்த ஐந்தையும் கேட்பது.

5. வெட்கத்தை விடுங்கள். 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் பழகினார். பிற்பாடு பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்து அச்சிட்டவரும் அவரே.

6. மருந்து விஷயத்தில் புதிதாகக் கற்ற மொழியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூளைக்கும் நல்லதா?

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அந்த நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. எல்லா ஆராய்ச்சியாளர்களும் இதை ஒரே மாதிரி ஒப்புக்கொள்வதில்லை. அந்த நோயாளிகள் பல காலமாக இரண்டு மொழி பேசியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நாற்பது வயதில் தொடங்கினால் மறதியே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தினமும் அரை மணி ஒருத்தியோடு சிரித்துப் பேசி, புதிதாக ஒன்றை யோசித்தால் மனசு லேசாகிறது. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், செய்து பார்த்தாலே தெரியும்.

மலையாளிதான் வேண்டும் என்பதில்லை

ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் அடுத்த வீட்டிலேயே இருக்கும். வேலைக்காக வடநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பேசத் தமிழ் வேண்டும், நமக்கு இந்தி கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் மருமகளோடு வீடியோ போனில் ஆங்கிலம் பழகலாம், அவள் குழந்தைக்கு நாம் தமிழ்க் கதை சொல்லலாம். முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பழகும்போது மட்டும் ஜாக்கிரதை. வீட்டு விலாசம், பாங்க் விவரம், போனுக்கு வரும் ரகசிய எண் எதையும் யாருக்கும் சொல்லக் கூடாது.

வேறு மொழி வீட்டிலிருந்து மருமகள் வந்திருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் வேறில்லை. "நீ எங்க பாஷை கத்துக்கோ" என்று மட்டும் சொல்லாமல், "உன் பாஷையில் இதுக்கு என்ன பேரும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பிறந்த வீட்டைவிட்டு வந்த பெண்ணின் முகம் மலர்வதை அப்போது காணலாம்.

நாளை மத்தியானம் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். முதல் நாளைக்கு ஐந்து வார்த்தை போதும். அதில் ஒன்று 'காலை', ஒன்று 'இரவு' என்று இருக்கட்டும்.