குடல் பரிசோதனையில் ஏ.ஐ.: பயிற்சி டாக்டருக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்

மும்பை வடாலாவில் என்னிடம் வரும் நம் மக்களில் பலர், மலத்தில் ரத்தம் பார்த்த பிறகும் பல மாதங்களைக் கடத்திவிட்டுத்தான் வருகிறார்கள். கேட்டால், "சூடு டாக்டர்" என்கிறார்கள். கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளச் சொல்லி சயான் மருத்துவமனைக்கோ கே.இ.எம். மருத்துவமனைக்கோ சீட்டு எழுதினால், "அங்க படிக்கிற பசங்கதானே குழாய் விடுவாங்க?" என்று பின்வாங்குகிறார்கள். இப்போது புதிதாக ஒரு கேள்வியும் வருகிறது: "ஏ.ஐ. வந்துடுச்சாமே, அதுவே பார்த்துடாதா?"

படிக்கிற பசங்களா?

அந்தப் 'பசங்க' எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து, குடல்நோய்க்கென்றே மூன்றாண்டு டி.எம். படிப்பவர்கள். பக்கத்தில் மூத்த மருத்துவர் இருப்பார். குடலில் ஓட்டை விழுந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். வெறும் பரிசோதனையில் அது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகள் தட்டையாக, மடிப்பின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். பழகாத கண் அவற்றைத் தவறவிடலாம்.

பச்சைக் கட்டம்

இங்கேதான் ஏ.ஐ. உதவுகிறது. குழாயின் கேமரா காட்டும் படத்தைக் கணினியும் உடனுக்குடன் பார்க்கும். சந்தேகமான இடம் வந்தால் திரையில் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும். இப்படிப்பட்ட 'ஜிஐ ஜீனியஸ்' கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் அனுமதி கொடுத்தது. ஐரோப்பாவில் அனுபவம் குறைந்த 10 மருத்துவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. ஏ.ஐ. இல்லாமல் 44.5 சதவீத நோயாளிகளிடம் இத்தகைய கட்டிகளைக் கண்டவர்கள், அதன் துணையோடு 53.3 சதவீதத்தினரிடம் கண்டார்கள்.

ஆனால் அது தானாகக் குழாயை ஓட்டாது. நுரைக்குமிழி, மலத்துணுக்கு மீதும் கட்டம் போடும். கேமரா எட்டிப் பார்க்காத மடிப்பில் என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது. குழாயை வெளியே எடுக்கும்போது குறைந்தது 6 நிமிடமாவது நிதானமாகப் பார்க்க வேண்டியது மருத்துவர்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போலந்தில் ஆளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட கொலனோஸ்கோப்பி செய்து பழகிய மருத்துவர்களிடம், ஏ.ஐ. வழக்கத்துக்கு வந்தபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4-இலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியது. 2025-இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு இது. கைதேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், பயிற்சியில் இருப்பவர்கள் முதலில் தம் கண்ணை நம்பிப் பழக வேண்டும். அதன் பிறகே கட்டத்தை இயக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

சூடு, மூலம், லேகியம்

மலத்தில் ரத்தம் வந்தாலே மூலம் என்று யார் சொன்னது? லோக்கல் ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் நோட்டீஸா? மூலமும் குடல் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். "துத்திக்கீரை சாப்பிட்டேன், நின்னுடுச்சு" என்பார்கள். புற்றிலிருந்து வரும் ரத்தமும் தானே நிற்கும், தானே திரும்ப வரும். பெயர் மட்டும் கீரைக்கு. மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் களிம்பும் மாத்திரையும் மாதங்களைத்தான் தின்கின்றன.

"வலியே இல்லையே" என்பது அடுத்த தப்பு. ஆரம்பத்தில் வலிக்காது. "எனக்கு முப்பத்தஞ்சுதானே ஆகுது" என்று தைரியமாக இருக்க வேண்டாம். நம் நாட்டில் நாற்பதுக்குக் கீழும் இந்தப் புற்று வருகிறது. "எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்பதும் காப்பாற்றாது. குடல் புற்று வருபவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. சோர்வு என்று தாமே இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்கும் பெண்களே, ரத்தம் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

அதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ரத்தசோகைக்கு ஒரு சோதனை, மல சோதனை, தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பி.

கெஞ்சிக் கேட்கிறேன்

கொலனோஸ்கோப்பிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முதல் நாள் இரவு ஒரு பங்கு, அன்று காலை ஒரு பங்கு என்று கொடுத்தால் இரண்டையும் குடித்து முடியுங்கள். இரண்டு நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளியை விடுங்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் எந்த ஏ.ஐ.க்கும் ஒன்றும் தெரியாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்குக் குடல் புற்று இருந்தால் நாற்பதிலேயே, அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போது வந்துவிடுங்கள்.

ஏ.ஐ. உள்ள மருத்துவமனைதான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் கண்ட அந்த வாரமே, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய்க் காட்டுங்கள்.