மண்ணுக்குத் திரும்பும் இரும்பு

‘இரும்பு துருப்பிடித்துவிட்டது’ என்கிறோம். ‘துரு தின்றுவிட்டது’ என்றும் கூறுகிறோம். எங்கிருந்தோ வந்த பகையொன்று இரும்பைப் பற்றி அழிப்பதாக ஒரு தோற்றத்தை இவ்வழக்குகள் மனத்தில் எழுப்புகின்றன. வேதியியல் கூறும் செய்தியோ வேறு. இரும்பே துருவாக மாறுகின்றது. அம்மாற்றம் அதன் பழைய நிலையை நோக்கிய பயணமேயாகும். இதனை உணர, வேதிவினைகளின் வகைகளை முதற்கண் அறிதல் வேண்டும்.

வினை வகைகள்

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுடும்போது அது சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் பிரிகின்றது. ஒரு பொருள் பலவாதலின் இது சிதைவு வினை. சுட்ட சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றினால், வெப்பம் எழ, இரண்டும் கூடி நீற்றுச் சுண்ணாம்பு உண்டாகின்றது. இது சேர்க்கை வினை. மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியை இட்டால் ஆணியின்மேல் செம்பு படிகின்றது. நீல நிறம் மங்கி இளம்பச்சையாகின்றது. செம்பின் இடத்தை இரும்பு கொள்வதால் இது இடப்பெயர்ச்சி வினை. உப்புக் கரைசலுடன் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். இரு பொருள்களும் தத்தம் கூறுகளை மாற்றிக்கொள்ளும் இது இரட்டை இடப்பெயர்ச்சி வினை.

எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஒன்று இழப்பதை மற்றொன்று பெறுவதால் இவை இணைந்தே நிகழும். துருப்பிடித்தலும் இவ்வகையினதே.

துரு தோன்றுமாறு

இரும்பு பூமியில் பெரும்பாலும் ஆக்சைடுத் தாதுவாகவே கிடைக்கின்றது. ஊதுலையில் கரியின் துணையால் அதன் ஆக்சிஜனை நீக்கி உலோகத்தைப் பெறுகிறோம். வெப்பத்தைச் செலவிட்டு நாம் பிரித்ததை, ஈரக்காற்று ஓசையின்றி மீண்டும் சேர்த்துவிடுகின்றது.

ஈரமுள்ள இரும்பின் பரப்பில் ஓரிடத்து அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. மற்றோரிடத்தில் நீரும் அதில் கரைந்த ஆக்சிஜனும் அவ்வெலக்ட்ரான்களை ஏற்கின்றன. இவ்வாறு தோன்றும் இரும்பு ஹைட்ராக்சைடு மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து, நீரேறிய இரும்பு ஆக்சைடாகின்றது. அதுவே துரு. 56 கிராம் இரும்பு 24 கிராம் ஆக்சிஜனைக் கொண்டு 80 கிராம் ஆக்சைடாகும். நீர் சேரின் எடை இன்னும் கூடும். எனவே துரு இரும்பைத் ‘தின்பது’ இல்லை. இரும்பே ஆக்சிஜனைத் தன்னுள் ஏற்கின்றது.

மாணவர்கள் எளிதில் செய்து காணத்தக்க சோதனை ஒன்றுண்டு. மூன்று குழாய்களில் ஆணிகளை இடுக. முதலாவதில் கொதிக்கவைத்துக் காற்றகற்றிய நீரை நிரப்பி, மேலே எண்ணெய் விடுக. இரண்டாவதில் ஈரமுறிஞ்சும் கால்சியம் குளோரைடை இட்டு அடைத்துவிடுக. மூன்றாவதில் ஆணி பாதி நனையுமாறு நீர் விட்டுத் திறந்து வைக்க. சில நாள்களில் மூன்றாவது ஆணியில் மட்டுமே துரு தோன்றும். நீரும் ஆக்சிஜனும் ஒருங்கே வேண்டும் என்பது இதனால் புலனாகும்.

கடற்காற்றும் பாம்பன் பாலமும்

உப்பு கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்துமாதலால் கடற்கரையில் இவ்வினை விரைவு பெறுகின்றது. 1914இல் திறக்கப்பெற்ற பாம்பன் தொடர்வண்டிப் பாலம் ஓயாத வண்ணப்பூச்சினாலும் பழுதுபார்ப்பினாலும் நூறாண்டைக் கடந்து நின்றது. எனினும் இரும்புப் பகுதிகள் நலிந்தமையால் 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் அரிமானம் தடுக்கும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய அரிமானத்தை ஆராய்ந்து வருகின்றது.

காக்கும் வழிகள்

வண்ணமும் எண்ணெயும் காற்றையும் நீரையும் தடுக்கின்றன. துத்தநாகப் பூச்சோ ஒருபடி மேலானது. பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்பினும் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் துத்தநாகம் தானே முதலில் அழிந்து இரும்பைக் காக்கின்றது. அலுமினியத்தின் ஆக்சைடு உடலோடு ஒட்டி நின்று கவசமாகின்றது. இரும்பின் துருவோ துளைகளுடன் பொருக்காக உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பையும் வெளிக்காட்டிவிடுகின்றது. ஆதலின் துரு சிறிதென்று விட்டுவைத்தலாகாது. சுரண்டி, துடைத்து, உடனே பூச வேண்டும்.

இரும்பு தன் இயல்பான நிலைக்குத் திரும்பவே முனைகின்றது. சாளரக் கம்பி முதல் கடற்பாலம் வரை நாம் எழுப்பியவை நிலைத்து நிற்பது, செய்தவர் திறத்தால் மட்டுமன்று. பின்வந்தோர் இடைவிடாது பேணிய பேணுதலாலும் ஆகும்.