ஆற்காடு லுத்தரன் திருச்சபை

ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்பது தமிழ்நாட்டின் வடபகுதியில் இயங்கிவரும் ஒரு சீர்திருத்தக் கிறித்தவத் திருச்சபை ஆகும். இதன் தலைமையகம் கடலூரில் உள்ளது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் இதன் சபைகள் உள்ளன. அருணாசலேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற திருவண்ணாமலை நகரில், இத்திருச்சபையைத் தோற்றுவித்த டேனிய மிசனின் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளி ஒன்றும் உள்ளது. சாதியைக் கைவிடாதவர் சபையில் இடம்பெறலாமா என்ற கேள்வியே இத்திருச்சபை தோன்றக் காரணமாயிற்று.

தோற்றம்

1706 ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததுடன் தமிழரிடையே லுத்தரன் சமயப்பணி தொடங்கியது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பணி செருமனியின் லைப்சிக் மிசனிடம் சென்றது. அக்காலத்தில் பல தேவாலயங்களில் சாதி வாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. 1850 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய மிசனரிகள், சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாகப் பிற சாதியாருடன் உணவு உண்ண வேண்டும் என வலியுறுத்தினர். லைப்சிக் மிசன் இதனை ஏற்கவில்லை. திருக்குறளைச் செருமன் மொழியில் பெயர்த்தவரும் அம்மிசனின் இயக்குநருமான கார்ல் கிரவுல், சாதி காலப்போக்கில் தானே மறையும் எனக் கருதினார். அம்மிசனைச் சேர்ந்த கார்ல் ஓக்சு இதனை மறுத்தார். ஒரே நற்கருணைப் பந்தியில் பங்குகொள்வோர் தமக்குள் தீட்டுப் பார்க்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. மிசனை விட்டு விலகிய அவர், மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். 1860களில் டேனிய மிசனரி சங்கம் அவருடன் இணைந்தது. பிற்காலத்தில் சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த வேளாண் தொழிலாளர் ஆவர்.

செபமும் ஐயமும்

மார்ட்டின் லூதர் 1529 இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் லுத்தரன் சபைகளின் அடிப்படைப் போதனை நூலாகும். மனிதர் தம் அறிவாலோ வலிமையாலோ விசுவாசத்தை அடைய இயலாது, அது தூய ஆவியின் கொடை என்று அந்நூல் போதிக்கின்றது. இக்கருத்தின்படி, ஒருவருக்கு ஐயம் எழுவதாலேயே அவர் சபைக்குப் புறம்பானவர் ஆவதில்லை. குழந்தைப் பருவத்தில் பெறும் ஞானஸ்நானம் வாயிலாகவே அவர் சபையின் உறுப்பினர் ஆகிறார். கர்த்தர் கற்பித்த செபத்தையும் தனிமனித வேண்டுதலாக மட்டுமன்றி, அனைவரும் சேர்ந்து சொல்லும் செபமாகவே இச்சபைகள் ஓதுகின்றன.

எல்லைக்கு வெளியே

சேர்ந்திருத்தல் பற்றிய கேள்வி மிசனரிகளுக்கும் எழுந்தது. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள திருக்கோவலூரில் பணியாற்றிய எசுதர் ஃபேரிங், ஆன் மேரி பீட்டர்சன் ஆகிய டேனியப் பெண்கள் 1917 சனவரியில் அகமதாபாத்திலிருந்த காந்தியின் ஆசிரமத்திற்குச் சென்றனர். காந்தியுடனான இத்தொடர்பை மிசன் விரும்பவில்லை. பின்னர் இருவரும் மிசனை விட்டு விலகினர். ஆயினும் கிறித்தவ நம்பிக்கையைக் கைவிடவில்லை. பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு 1921 இல் காந்தி அடிக்கல் நாட்டினார். ஃபேரிங்கிற்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 1956 இல் நூலாக வெளிவந்தன.

தற்காலம்

1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதனுடன் இணையவில்லை. இது இந்திய ஐக்கிய லுத்தரன் திருச்சபைகளின் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ளது. ஓக்சு எதிர்த்த சாதி உணர்வு தமிழகக் கிறித்தவரிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆகவே இத்திருச்சபை தோன்றக் காரணமான கேள்வி இன்றும் விடை வேண்டி நிற்கிறது.