தயிரையும் கடையலாம், மரத்தையும் கடையலாம்! லேத் சக் வாங்கும் முன் இதெல்லாம் தெரியுமா?

தயிருக்கும் மரத்துக்கும் தமிழில் ஒரே சொல்தான், கவனித்திருக்கிறீர்களா? இரண்டையும் ‘கடைகிறோம்’! மத்தில் கயிற்றைச் சுற்றி இப்படி ஓர் இழுப்பு, அப்படி ஓர் இழுப்பு. மத்து முன்னும் பின்னும் சுழல்கிறது, வெண்ணெய் திரள்கிறது. அந்த மத்து இருக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் முள் கொடுத்துப் பிடித்து, கயிற்றை இழுத்துக்கொண்டே உளியைக் காட்டுங்கள். அதுதான் கடைசல்! நம் பாட்டி அடுக்களையில் செய்த அசைவும் கடைசல்காரர் பட்டறையில் செய்த அசைவும் ஒன்றேதான்.

இது எவ்வளவு பழசு தெரியுமா? எகிப்தில் பெத்தோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில் ஒரு லேத், அதாவது கடைசல் எந்திரம், செதுக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.மு. 300-ஐ ஒட்டியது. அதில் ஒருவர் கயிறு இழுக்கிறார், இன்னொருவர் உளி பிடிக்கிறார். அதே காட்சியைப் பார்க்க எகிப்துக்குப் போக வேண்டாம், கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டைக்குப் போனால் போதும்! நாதஸ்வரம் பிறக்கும் ஊர் அது. ஆச்சா மரக் கட்டையை, ஒருவர் கயிறு இழுக்க இன்னொருவர் கடைவது அந்த ஊர் வழக்கம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்த ஆச்சா உத்திரங்களைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். பச்சை மரம் பின்னால் கோணும், சுருதி போய்விடும். அந்த ஊர் ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்த நாதஸ்வரத்தைத்தான் நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்தார்!

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இவ்வளவு நுட்பமான வாத்தியத்தை வெளியே கடைய ‘சக்’ என்ற பொருளே தேவைப்படவில்லை! நீளக் கட்டையை இரு முனையிலும் பிடித்தால் போதும். நீளமாக இருப்பது எதுவானாலும், கட்டில் கால், பூரிக் கட்டை, நடைவண்டிக் கைப்பிடி, எல்லாமே இரண்டு முனைகளுக்கு நடுவே பிறந்துவிடும்.

அப்படியானால் சக் எப்போது வேண்டும்? கிண்ணம் குடையும்போது! குடைய வேண்டுமானால் ஒரு முகம் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் முள் வைக்க முடியாது. அடிப்பக்கத்தை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு முழுக்கட்டையையும் சுழற்ற ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் சக்.

அதன் பெயர்க் கதையும் சுவையானது. சக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் மரக்கட்டை என்றே பொருள்! முதல் சக்குகள் மரத்தாலானவை. ஒரு கட்டையில் குழி தோண்டி அதில் கடைய வேண்டிய துண்டை அடித்து இறுக்கிவிடுவார்கள். நம் நாட்டுக் கடைசல் பட்டறைகளில் இன்றும் இதன் தம்பி இருக்கிறது. கிண்ணி போன்ற ஓர் இரும்புக் குழலுக்குள் மரத்துண்டைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான்! கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைகள் இப்படித்தான் கடையப்படுகின்றன. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் ஏறிவிடும். பிறகு தாழை ஓலையால் ஒரு தேய்ப்பு. கண்ணாடி போல மின்னும்! தூரிகை கிடையாது, சக் சாவி கிடையாது. நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாடவீதியில் கூடை கூடையாக விற்கும் மரச் சொப்புகளும், நம் அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான்களும் இதே குடும்பம்தான். அடுத்த முறை ஒரு சொப்பை வாங்கினால் அதன் வளைவில் ஓடும் மெல்லிய வட்டக் கோடுகளைப் பாருங்கள், உளி நடந்த தடம் அது.

சரி, இப்போது சென்னையில் எங்கள் கோபாலபுரத்துக்கு வருவோம்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருக்களில் மரங்கள் சாய்ந்து கிடந்த மறுநாள் காலையை யாரும் மறந்திருக்க மாட்டோம். வண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டுக்குப் போகவிருந்த ஒரு பூவரசங்கட்டையை நான் கேட்டு வாங்கி மொட்டைமாடியில் போட்டேன். பூவரசு! இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே மரம். அதன் வைரம் சாக்லேட் நிறம், நடுவே ஊதாச் சாயல் ஓடும். இந்த மரத்துக்கு ஹவாய்த் தீவில் மிலோ என்று பெயர் என்பது தெரியுமா? அங்கே காலங்காலமாக உணவுக் கிண்ணங்கள் செய்ய இதையும் எடுத்தார்கள், ஏனென்றால் மரத்தின் ருசி உணவில் ஏறாது! பசிபிக் நடுவில் கிண்ணமாகி விருந்துக்கு வரும் மரத்தை நாம் இங்கே தெருவோரத்தில் நிழலுக்கு வைத்திருக்கிறோம்.

அந்தக் கட்டைக்காகத்தான் சின்ன லேத் ஒன்று வாங்கினேன். அதற்கு ஒரு சக் தேடித்தான் பிராட்வே பக்கம் கிளம்பினேன். செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு என்று இரும்புச் சாமான்களின் கடலே அங்கே இருக்கிறது. ஒரு கடையில், “ட்ரூ சக் வேணுமா, டாக் சக் வேணுமா சார்?” என்றார்கள். தெரியுமா, நம் லேத் பட்டறைகளின் மொழி இது! ஒரு சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் சேர்ந்து நகர்ந்து தானாக மையம் பிடிப்பது ட்ரூ சக். நாலு தாடையையும் தனித்தனியாக நகர்த்த வேண்டியது டாக் சக். இரண்டுமே இரும்பு கடைகிறவர்களின் சொத்து. விலை கையைக் கடிக்கவில்லை, “எல்லாம் ஒண்ணுதான் சார், மரத்துக்கும் ஆகும்” என்றார்கள். ட்ரூ சக் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் என் லேத்தின் மரையில் அது ஏறவே இல்லை! ஏறியிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும். சக் பிடிப்பதற்காகக் கிண்ணத்தின் அடியில் விடும் காம்பை மூன்று தாடைகள் மூன்று இடத்தில் மட்டும் குத்தும், மரம் நசுங்கும். தாடைகளை விரித்தால் அவை சக்கின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழலும், சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. மரம் கடையும் கை சக்குக்கு மிக அருகில் போகும் கை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் உறுதியான சொல் இது: மலிவாகக் கிடைக்கிறதே என்று இரும்பு லேத்தின் மூணு தாடை சக்கைக் கிண்ணம் குடைய வாங்காதீர்கள்.

மரத்துக்கென்றே இருப்பது நாலு தாடைகளும் சேர்ந்து நகரும் சக். அதன் உள்ளே ஓர் அதிசயம் இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஒரு வட்டத் தட்டு, அதில் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு சுழிப் பள்ளம். தட்டு திரும்பினால் அந்தச் சுழியில் பல் பதித்த நாலு தாடையும் ஒரே அளவு உள்ளே வரும், ஒரே அளவு வெளியே போகும்! சுழித்தட்டுச் சக்குக்கு அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் காப்புரிமை வாங்கியது 1840-ல். இன்னொரு சங்கதி: தாடைகளில் 1, 2, 3, 4 என்று எண் அடித்திருக்கும், பள்ளங்களிலும் அதே எண். சுழி ஒவ்வொரு பள்ளத்துக்கும் கால் சுற்று தள்ளித்தான் வந்து சேரும். ஆகவே எண் வரிசை மாற்றிப் போட்டால் சக் ஒருக்காலும் மையம் பிடிக்காது! “சக் கோணல்” என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் எண்களைப் பாருங்கள்.

இனி பணத்தைக் காக்கும் விஷயம். கடைக்குப் போகும் முன் உங்கள் லேத்தில் சக் ஏறும் சுழல்தண்டின் மரையை அளந்தீர்களா? சக்கை வாங்குவதில் பாதி வேலை அதுதான்! சின்ன லேத்துகளில் பரவலாக இருப்பது 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை. பெரியவற்றில் 1¼ அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரையும், ஐரோப்பிய வழியில் 33 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 3.5 மில்லிமீட்டர் இடைவெளியும் வரும். விட்டம் அளக்க ஒரு வெர்னியரும் மரை இடைவெளி அளக்க ஒரு பிட்ச் கேஜும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இல்லாவிட்டால் லேத்தோடு வந்த ஃபேஸ் பிளேட் என்ற இரும்புத் தட்டையே பையில் போட்டுக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். சக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் மரை நேரே உடம்பிலேயே வெட்டியிருக்கும், விலை குறைவு. மற்றதில் மரை ஒரு தனி வளையத்தில் இருக்கும். நாளை பெரிய லேத் வாங்கினால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இந்த இரண்டாவதுதான் உண்மையில் மலிவு என்பது என் கட்சி.

தாடைகள் பெட்டி பெட்டியாக விற்பார்கள், ஆசை காட்டும். வேண்டாம்! சக்கோடு வரும் சுமார் 50 மில்லிமீட்டர் தாடை ஒன்றே முதல் வருஷத்துக்குத் தாராளம். அந்தத் தாடைகள் மூடியிருக்கும் நிலைக்குச் சற்றே விரிந்த இடத்தில் நாலும் சேர்ந்து ஒரு முழு வட்டமாகும். உங்கள் கிண்ணத்தின் அடிக்காம்பு அந்த அளவுக்கு இருந்தால் சுற்றிலும் முழுப்பிடி கிடைக்கும். அதிலிருந்து விலக விலக, தாடையின் மூலைகள்தான் மரத்தைக் கடிக்கும். இன்னொரு நுணுக்கம்: காம்பின் நுனி சக்கின் அடியில் போய் முட்டக்கூடாது. காம்பைச் சுற்றியுள்ள தோள் தாடைகளின் முகத்தில் உட்கார வேண்டும். இந்த மயிரிழைதான் ஆடும் கிண்ணத்துக்கும் அசையாத கிண்ணத்துக்கும் வித்தியாசம்!

சக்கே வாங்காமல் கிண்ணம் குடையலாம் என்பது தெரியுமா? நான் குடைந்தேன்! லேத்தோடு வரும் ஃபேஸ் பிளேட்டில் ஒரு வீண் மரக்கட்டையைத் திருகுப்போட்டு இறுக்கி, அதன் முகத்தைச் சமமாகச் சீவி, பசை தடவி, நடுவே ஒரு பழுப்புக் காகிதம் வைத்து, அதன் மேல் கிண்ணக் கட்டையை ஒட்டி ஓர் இரவு விட்டேன். மறுநாள் கடைந்தேன். முடிந்ததும் காகிதக் கோட்டில் உளியை வைத்து மெல்ல ஒரு தட்டு, அழகாகப் பிரிந்துவிட்டது! காகிதம் நடுவில் கிழியும், மரத்தில் கீறல் இல்லை. அந்தப் பூவரசங்கிண்ணத்தில்தான் எங்கள் வீட்டில் இன்றும் வறுத்த வேர்க்கடலை வைக்கிறோம். செலவு ஒரு தாள், கொஞ்சம் பசை. முதல் பத்துக் கிண்ணத்துக்கு இதுவே போதும் என்று நெஞ்சாரச் சொல்கிறேன், சக்குக்குக் காசு சேர்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

டிரில் சக்கை லேத் தலையில் மாட்டி மரத்தைப் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது! அது வெறும் கூம்புப் பிடியில் நிற்பது. பக்கவாட்டில் உளி தள்ளினால் அதிர்ந்து கழன்று வந்துவிடும். டிரில் சக்கின் இடம் வால்பக்கம், துளை போடத்தான். சாவி போட்டு இறுக்கும் டிரில் சக்குக்கு 1902-ல் ஆர்தர் ஜேக்கப்ஸ் காப்புரிமை வாங்கக் காரணமே பழைய சக்கில் விரல் முட்டியில் அடிபட்டதுதான் என்பார்கள்!

இப்போது ஒரு கணக்கு, மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் நிமிஷத்துக்கு 900 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு போகும் வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். அவ்வை சண்முகம் சாலையில் போகும் பைக்கின் வேகம்! அதே கட்டையைத் தெரியாமல் 3,000 சுற்றில் விட்டால்? மணிக்கு 141 கிலோமீட்டர்! மலிவான சக்கோ விலை உயர்ந்ததோ, அந்த வேகத்தில் பிடி விட்டால் கட்டை நேரே உங்கள் பக்கமே வரலாம். அதனால் கடைசல்காரர்கள் எளிய வாய்ப்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவே வர வேண்டும். 6 அங்குலக் கட்டைக்கு 1,000 முதல் 1,500, 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. கட்டை இன்னும் உருண்டையாகவில்லை என்றால் இதற்கும் கீழே.

லேத்தைப் பின்பக்கமாகச் சுழலவிட்டால் சக்கே தானாகக் கழன்று வரும் என்பதும் நினைவிருக்கட்டும், மரை அப்படி வெட்டியிருக்கிறது. கயிறு இழுத்து முன்னும் பின்னும் சுழலும் நரசிங்கம்பேட்டை லேத்தில் மரை ஏற்றிய சக் நிற்காது என்பது இதனால்தான் புரிகிறது. ஆகவே பக்கத்தில் இறுக்கும் சிறு திருகு உள்ள சக்காகப் பாருங்கள்.

சுழித்தட்டில் எண்ணெய் விடாதீர்கள், மரத்தூள் அதில் ஒட்டிக் களியாகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டாலே போதும். முகத்துக்குக் கவசம் போடுங்கள். ஸ்விட்சைத் தொடும் முன் சக் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள், சக்கில் இருந்தால் மோட்டார் ஓடிய நொடியில் பறக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்புகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் இன்று ராத்திரியே அந்தச் சுழல்தண்டை அளந்து ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.