கரையிலிருந்து கிளம்பும் காற்று

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒற்றைப் பனை நின்றது. மாசி, பங்குனி மாதங்களில் விடிவதற்கு வெகு முன்பே அதன் காவோலைகள் உரசத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கே தாத்தா எழுந்துவிடுவார். வாசலில் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளித் தூவுவார். அது கடல் பக்கம் சாய்ந்து விழுந்தால் போதும், கடலுக்குப் போக அப்பாவை எழுப்புவார்: "ஏலே, கரைக்காத்து வந்துட்டு, எந்திரிலே!"

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது பள்ளிக்கூடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒரே அளவு சூடேற, காய்ந்த மணலைவிடத் தண்ணீருக்குச் சுமார் 5 மடங்கு வெப்பம் வேண்டும். அதனால் கடல் மெதுவாகச் சூடாகி, மெதுவாகவே ஆறுகிறது. நிலமோ இரவில் விறுவிறுவென்று குளிர்ந்துவிடும். கடல்மேல் வெதுவெதுப்பான காற்று எழும்ப, கரையின் குளிர்காற்று அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. விடியும் நேரத்தில்தான் நிலம் மிகவும் குளிர்ந்திருக்கும். கரைக்காற்றும் அப்போது நன்றாகத் தெரியும்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பே இந்தக் காற்றை நம்பித்தான் நடந்தது. பாய்மரத் தோணிகள் இரவில் கரைக்காற்றைப் பிடித்து, கடலடியில் சிப்பிகள் கிடக்கும் பார்களுக்குப் போகும். பகல் ஏறியதும் நிலம் சூடாகி, காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். சிப்பியோடு தோணிகளும் அதோடு திரும்பும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

விடியற்காலைக் குளிர்ச்சியை நம்பி இன்றும் எழுபவர்கள் உப்பளத் தொழிலாளிகள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. ஆகவே இருட்டிலேயே உப்பு வாரப் போகிறார்கள். அவர்கள் நடந்துபோகும் வழியில், மற்ற பறவைகளுக்கு முன்பே கரிச்சான் குரல் கொடுத்துவிடும். பூவரசு இலைகள் அசையும். கீழ்வானம் வெளுக்கும்.

வெயில் ஏற ஏறக் கரைக்காற்று தளர்ந்து நின்றுபோகும். எழுந்து வருகிறவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

இப்போது படகுகளில் இன்ஜின் வந்துவிட்டது. மணலைத் தூவிப் பார்க்கும் தேவை இல்லை. ஆனால் தாத்தாவின் மேல் பட்ட அதே காற்று இன்றும் வருகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் நாளை விடியுமுன் வாசலுக்கு வந்து, கடலைப் பார்த்து நில்லுங்கள். முதுகில் குளிரும்.